ஊருக்குக் கேக்கப் போட்ட சண்டை

எங்க தெருவுல எனக்குக் "கோர்ட்டுக்காரக்கா"ன்னு ஒரு பேரு உண்டு. நான் வக்கீலும் இல்ல, குமாஸ்தாவும் இல்ல. வாய்தா வாய்தான்னு நடந்து செருப்புத் தேஞ்ச பொம்பளை, அம்புட்டுத்தான். ஆனா சின்னமனூருல ஏதாச்சும் ஒரு வீட்டுல சத்தம் பெருசாச்சுன்னா, கொஞ்ச நாள்ல அந்த வீட்டுப் பொம்பளை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு எங்க அடுப்படியில வந்து உக்காந்துக்கிரும். கேக்குற கேள்வியும் மாறாது. "ஏக்கா, அந்த மனுசன் மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டா வீடு போயிருமா? போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிருவாகளா? என் தாலியவும் கேப்பாகளா? அத்துக்கிட்டா புள்ள யாருகிட்டக்கா இருக்கும்?"

நானும் காப்பியப் போட்டுக் குடுத்துட்டு மனப்பாடமா ஒப்பிப்பேன். மஞ்ச நோட்டீஸுன்னா வேற ஒண்ணுமில்ல, என்னால கடனக் கட்ட முடியலன்னு கோர்ட்டுல கையத் தூக்குறது. ஐ.பி.ன்னும் சொல்லுவாக. குடுத்த அன்னைக்கே யாரும் ஜெயிலுக்குப் போறதில்ல. தாலிய எவனும் தொட மாட்டான். சமைக்கிற சட்டிபானையையும் படுக்குற பாயையும் ஜப்தி பண்ண மாட்டான். வீடு ஆம்பளை பேருல இருந்தா போகும். முந்தாநாள் பொண்டாட்டி பேருக்கு மாத்தி எழுதிட்டு நேத்து ஐ.பி. குடுத்தா அந்த எழுத்து நிக்காது, ரெண்டு வருஷம் தாண்டணும். புள்ளைக்கு அஞ்சு வயசு ஆகலன்னா பெரும்பாலும் தாய்கிட்ட. அதுக்கு மேலன்னா புள்ளைக்கு எது நல்லதுன்னு கோர்ட்டு பாக்கும்.

"எது நல்லதுன்னு கோர்ட்டுக்கு எப்படிக்கா தெரியும்?"னு ஒருத்தி கேட்டா. போடி போக்கத்தவளே, போய் ஒரு வக்கீலப் பிடிச்சுக் கேளுன்னு அனுப்பி வச்சிட்டேன். அவ மேல எனக்கு என்ன கோவம்? அந்தக் கேள்வி மேலதான் கோவம்.

எனக்குக் கல்யாணம் ஆனது மதுரையில இருந்து தேனி தனி ஜில்லாவாப் பிரிஞ்ச சமயம். வீட்டுக்காரருக்குப் போடியில ஏலக்காய் யாவாரம். மலைக்கு மேல தோட்டக்காரவுககிட்டச் சரக்கக் கடனுக்கு எடுத்து, வடக்க அனுப்பி, பணம் வந்ததும் திருப்பிக் குடுக்குறது. வீடு இங்கன சின்னமனூருல, மெயின் ரோட்டுல இருந்து நாலு எட்டு. எங்க மாமனாரு கட்டுனது. மக ஒருத்தி. அவுக நல்ல மனுசன்தான். எழுதும்போதே எரிச்சலா வருது, இருந்தாலும் உள்ளதச் சொல்லணும்ல. சாயங்காலம் கடையடைச்சிட்டு வந்தா சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம் அடிக்கும். மக அவுக நெஞ்சுல மூக்க வச்சுக்கிட்டே தூங்கிரும். நான் பொறாமைப்பட்டிருக்கேன்.

விலை சரிஞ்சுச்சு. வடக்க இருந்து வர வேண்டிய பணம் வரல. மொதல்ல போன் எடுக்காம இருந்தாக, அப்புறம் அங்கன கடையே இல்லன்னு தெரிஞ்சுச்சு. மலையில இருந்து தோட்டக்காரவுக ஜீப்பு பிடிச்சு வந்து எங்க வாசல்ல நின்னாக. கத்துறவுகளக் கண்டு எனக்குப் பயமில்ல. ஒருத்தரு மட்டும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அந்தக் காய வித்துத்தான் என் மகளுக்குக் கல்யாணம்னு மெதுவாச் சொல்லிட்டுப் போனாரு. அன்னைக்கு எங்க வீட்டுல உலை வைக்கல.

அப்பத்தான் ரெண்டு பேரும் தேனியில ஒரு வக்கீலப் பாக்கப் போனோம். வக்கீலு எல்லாத்தையும் கண்ண மூடிக்கிட்டே கேட்டாரு. அப்புறம் கறிகாய் வெல சொல்ற மாதிரி சொன்னாரு.

"ஐ.பி. குடுத்தா ரிசீவருன்னு ஒரு ஆளக் கோர்ட்டு போடும். அவரு உங்க வீட்ட வித்துக் கடன்காரவுகளுக்குப் பிரிச்சுக் குடுத்துருவாரு. வீடு நிக்கணும்னா இப்பவே உங்க சம்சாரம் பேருக்கு எழுதுங்க. சும்மா எழுதுனா செல்லாது. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சாச்சு, ஜீவனாம்சத்துக்குப் பதிலா வீடு, அப்படின்னு எழுதணும். ரெண்டு வருஷம் கடன்காரவுகள இந்தா அந்தான்னு ஓட்டுங்க. அதுக்குள்ள டைவர்ஸும் முடிஞ்சிரும். அப்புறம் ஐ.பி. அப்புறம் உங்க வீட்டுல நீங்க போய் இருந்தா எவன் கேக்கப்போறான்?"

"அப்பப் புள்ள?"ன்னு நான்தான் கேட்டேன்.

"புள்ள அப்பாகிட்ட இருக்கட்டும்மா. உங்ககிட்ட இருந்தா அப்பன் பாக்க வருவாரு. வந்தா நாலு பேரு கண்ணுல படும். இவுக பிரியவே இல்லய்யா, எல்லாம் வேஷம்னு எவனாச்சும் ரிசீவருகிட்டப் போய்ச் சொல்லிருவான். அதோட இன்னொண்ணு. புள்ளைய விட்டுட்டு வீட்ட வாங்கிக்கிட்டான்னு சொன்னாத்தான் ஊரு நம்பும். எந்தத் தாயும் அதப் பொய்க்குச் செய்ய மாட்டான்னு நெனைப்பாக."

கெட்டிக்காரத்தனமான பேச்சு. அதக் கேட்டப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னு இப்ப நெனச்சுப் பாக்குறேன், ஒண்ணும் தோணல. ஆபீஸ் பையன் டீ வேணுமான்னு கேட்டான், சீனி கம்மியான்னு சொன்னேன். அது மட்டுந்தான் நல்லா ஞாபகம் இருக்கு.

பிரிஞ்சோம்னு சும்மா சொன்னா எங்க ஊருல எவனும் நம்ப மாட்டான். இங்கன ஒரு வீட்டுல என்ன கொழம்புன்னு அடுத்த தெருவுக்குத் தெரியும். சண்டை போடாம ஒரு குடும்பம் பிரிய முடியுமா? அதனால சண்டை போடுறதுன்னு முடிவாச்சு. தெருக்குழாயில தண்ணி வர்ற நேரம்தான் தோதுன்னு நான்தான் யோசனை சொன்னேன். அப்பத்தான் தெருப் பொம்பளைக அத்தனை பேரும் கொடத்தோட வெளிய நிப்பாக. அடுப்படியில உக்காந்து, நீ இதச் சொல்லு, நான் அதச் சொல்றேன்னு ரெண்டு பேரும் பேசி வச்சோம். இடையில சிரிப்பு வந்துருச்சு. கல்யாணத்துல கூட நாங்க அப்படி ஒண்ணாச் சிரிச்சதில்ல.

மககிட்டச் சொல்லல. அதுக்கு அஞ்சு வயசு முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு. வாய் நிக்காது. கடைக்காரரு ஒரு மிட்டாயக் குடுத்துக் கேட்டா எல்லாத்தையும் கொட்டிரும். சின்னப்புள்ளதான, ரெண்டு நாள்ல மறந்துரும்னு அவுக சொன்னாக. நானும் ஆமான்னேன்.

தண்ணி வந்துச்சு. அவுக ஒரு பையத் தூக்கி வாசல்ல எறிஞ்சாக. நான் வெளிய வந்து, ஏய்யா ஊருக்காசு எல்லாத்தையும் தின்னுட்டு என் தலையில மண்ணப் போட்டியேன்னு ஆரம்பிச்சேன். பேசி வச்சபடிதான் போச்சு. அப்புறம் எங்கிட்டு மாறுச்சுன்னு தெரியல. எங்கண்ணன் அவசரத்துக்கு ஒத்தாசை பண்ணலன்னு அவுக ஒரு வார்த்தை சொன்னாக, அது பேசி வச்சதுல கெடையாது. கேரளா எல்லையில, குமுளியில இருக்குற அவுக தங்கச்சிதான் இந்தக் குடும்பத்துக்குச் சனியன்னு நான் சொன்னேன், அதுவும் பேசி வச்சதுல கெடையாது. தொண்ட கட்டிப் போச்சு. எதுத்த வீட்டு அக்கா கொடத்தப் போட்டுட்டு ஓடிவந்து என் தோளப் பிடிச்சுக்கிட்டு, "வேணாம் ஆத்தா, உள்ள போ, உள்ள போ"ன்னு அழுதுச்சு. அது உண்மையான அழுகை.

வக்கீலு சொன்ன வார்த்தைய நான் அப்பத்தான் சொன்னேன். "புள்ளையவும் நீயே தூக்கிட்டுப் போய்யா. எனக்கு என் வீடு போதும்." கொடம் நெரம்பி வழியுது, குழாய மூட ஆளில்ல.

மக வாசப்படியில நின்னுச்சு. கையில பாதி தின்ன பணியாரம். அவுக அதத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் பையையும் எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாக. அது அழுகல. என்னையவே பாத்துக்கிட்டுப் போச்சு. ரெண்டு பேரும் குமுளி பஸ் ஏறிப் போனாகன்னு எதுத்த வீட்டு அக்காதான் அப்புறம் வந்து சொல்லுச்சு. நான் உள்ள போய், எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன்.

வக்கீலு கணக்கு தப்பல. ஊரு நம்புச்சு. கடன்காரவுக வந்து பாத்தாக. புள்ளையோட துணி கொடியில இல்ல, செருப்பு வாசல்ல இல்ல. ஒரு அம்மா என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "நீயெல்லாம் பொம்பளையா?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. நம்பிட்டாகன்னு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அத நெனச்சா இன்னைக்கும் எனக்கு என்னையவே ஓங்கி அறையணும்போல இருக்கு.

குமுளிப் பக்கம் தலவச்சுப் படுக்கக் கூடாதுன்னு வக்கீலு கண்டிப்பாச் சொல்லியிருந்தாரு. போனும் வேணாம், லெட்டரும் வேணாம், ஆள்விட்டு விசாரிக்கவும் வேணாம். வீடு எழுதுன தேதியில இருந்து ரெண்டு வருஷம். "பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்கம்மா, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்." நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். தையல் மிஷின் ஒண்ணு வச்சிருந்தேன், ஜாக்கெட் தச்சேன். மக அளவுக்கு ஒரு பாவாடை தைக்க உக்காந்தேன், வளந்திருக்குமே, இப்ப என்ன அளவு இருக்கும்னு தெரியாம மடிச்சு வச்சிட்டேன்.

ஒரு தீவாளிக்கு எதுத்த வீட்டுக்குப் போன் வந்துச்சு. நாத்துனா பூத்துல இருந்து போட்டுக் குடுத்திருக்கா. எதுத்த வீட்டு அக்கா பக்கத்துலயே நிக்கிது. மக பேசுச்சு. புதுப் பள்ளிக்கூடத்துல மலையாளம் எழுதச் சொல்றாக, எனக்கு வரலம்மா, எல்லாரும் சிரிக்கிறாகன்னுச்சு. நான் "ம்"னு சொன்னேன். அத்தை வீட்டுல பூனை குட்டி போட்டிருக்குன்னுச்சு. அதுக்கும் "ம்". அதுக்கு மேல என்ன பேசுறது? அக்கா காதத் தீட்டிக்கிட்டு நிக்கிது. நானே போன வச்சிட்டேன். என்ன கல்நெஞ்சுடி உனக்குன்னு அக்கா கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து சுண்டல் வேகவச்சேன்.

டைவர்ஸுக்குக் கோர்ட்டுல நின்னப்ப அவுகளப் பாத்தேன். மெலிஞ்சிருந்தாக. ஜட்ஜய்யா, ரெண்டு பேருக்கும் சம்மதமான்னு கேட்டாரு. சம்மதம்னோம். வீடு மனைவிக்கு, குழந்தை தகப்பன்கிட்ட, இதுவும் சம்மதமான்னு என்னையத் தனியா, தலைய நிமித்திப் பாத்து ஒரு தடவ கேட்டாரு. சம்மதமுங்கய்யா. வெளிய வந்தப்ப அவுக என்னையத் தாண்டிப் போகும்போது, "இன்னும் கொஞ்ச நாள்தான்"னு வாய்க்குள்ள சொன்னாக. அத வச்சுக்கிட்டு நான் ஆறு மாசம் ஓட்டியிருப்பேன்.

அப்புறம் ஐ.பி.யும் ஆச்சு. ரிசீவரு வந்து வீட்டுப் பத்திரத்தப் பாத்தாரு, தெருவுல நாலு பேர விசாரிச்சாரு, போயிட்டாரு. வீடு நின்னுச்சு. தண்ணி கேட்டுக் குடிச்ச அந்தத் தோட்டக்காரருக்கு என்ன கெடச்சுச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். மக படுக்க ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். அவுக வருவாகன்னு தலைக்குக் குளிச்சு உக்காந்திருந்தேன்.

வந்தாக. தனியா வந்தாக. கூடத்துல நாற்காலி நுனியில உக்காந்தாக, பொண்ணு பாக்க வந்த வீட்டுல உக்காந்த மாதிரி. கட்டப்பனைப் பக்கம் தங்கச்சி ஒரு பொண்ணு பாத்திருக்காம். பொண்ணு வீட்டுல கடை வச்சுக் குடுக்குறாகளாம். புள்ளையும் அங்கன பழகிருச்சாம். நான் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தேன். "நாமதான் சட்டப்படி பிரிஞ்சிட்டோம்ல"ன்னாக. ரொம்பச் சாதாரணமாச் சொன்னாக. அன்னைக்குத் தெருவுல கத்துன நான், இப்ப ஒரு வார்த்தை கத்தல. எனக்கு அழுகையும் வரல. காப்பி குடிக்கிறீகளான்னு கேட்டேன். குடிச்சிட்டுப் போனாக. அதுக்கப்புறம் எனக்கு அவுக இல்ல, அந்தாளு.

சரி, வீடும் வேணாம், புருஷனும் வேணாம், புள்ளையக் குடுன்னு கேட்டேன். கோர்ட்டு குடுத்த டிகிரியில அப்படி இல்லையேன்னு சொல்லிட்டான் அந்தாளு. பழைய வக்கீலு, நான் அவருக்கும் வக்கீல்மா, உங்களுக்கு ஆஜராக முடியாதுன்னு கையக் கழுவிட்டாரு. வேற ஒரு வக்கீலப் பிடிச்சேன், சின்ன வயசுப் பொண்ணு. அதுகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னேன். கேட்டு முடிச்சிட்டு அது தலையில கைய வச்சிக்கிருச்சு.

"அக்கா, இத வெளிய சொல்லிறாதீக. டைவர்ஸு பொய், சண்டை பொய்னு கோர்ட்டுல சொன்னா, அன்னைக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னது எல்லாம் பொய்னு ஆயிரும். கடன்காரவுகளை ஏமாத்துனதா ரெண்டு பேரு மேலயும் கேஸ் வரும். வீடும் போகும். வீடு இல்லாத, கேஸ் உள்ள தாய்கிட்டப் புள்ளையக் குடுப்பாகளா?"

"அப்ப நான் நேரா குமுளிக்குப் போய்ப் புள்ளையப் பாத்துட்டாச்சும் வரவா?"

"போகவே போகாதீக. டிகிரி அவரு பக்கம் இருக்கு. நீங்க அங்கன போய் நின்னா, புள்ளையத் தூக்கிட்டுப் போக வந்தான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துருவாரு. நம்ம மனு அதோட குளோஸ். நோட்டீஸ் அனுப்புவோம். முறையாப் போவோம்."

முறையாப் போனோம். ஜில்லா கோர்ட்டுல மனு போட்டோம். நோட்டீஸ் போச்சு, திரும்பி வந்துச்சு, மறுபடி போச்சு. எதிர்த் தரப்பு ஆஜர் இல்ல, வாய்தா. ஜட்ஜு லீவு, வாய்தா. வக்கீலுங்க ஸ்ட்ரைக்கு, வாய்தா. பஸ்ஸப் பிடிச்சுத் தேனிக்குப் போறது, கூப்பிடுற வரைக்கும் வேப்ப மரத்தடியில உக்கார்றது, பேரக் கூப்பிட்டதும் ஓடிப்போய் நிக்கிறது, ஒரு நிமிஷத்துல வெளிய வர்றது. அங்கன உக்காந்து உக்காந்துதான் இந்த மஞ்ச நோட்டீஸு, ஜீவனாம்சம், கார்டியன் எல்லாம் எனக்கு அத்துப்படி ஆச்சு. மனசுல ஒண்ணுமே ஓடாது. பஸ்ஸுல பக்கத்துல இருக்குற ஆளு ஊரு வந்துருச்சும்மான்னு தட்டி எழுப்பணும், நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.

சாட்சிக்கு எதுத்த வீட்டு அக்காவ அந்தாளு தரப்புல கூப்பிட்டாக. அக்கா அன்னைக்குக் காலையில எங்க வீட்டுக்கு வந்துச்சு. "நான் என்னடி சொல்லட்டும்?"னு கேட்டுச்சு. நான் என்ன சொல்ல முடியும்? பாத்ததச் சொல்லுங்கக்கான்னேன். கூண்டுல ஏறி அக்கா அழுதுக்கிட்டே சொல்லுச்சு. ஆமா, தெருவுல வச்சுத்தான் சொன்னா. புள்ளைய நீயே தூக்கிட்டுப் போ, எனக்கு வீடு போதும்னு சொன்னா. தண்ணி பிடிச்சவுக எல்லாரும் கேட்டாக. ஒரு எழுத்துக் கூட்டல, கொறைக்கல. எங்க வக்கீலுப் பொண்ணு குறுக்கு விசாரணை இல்லன்னு உக்காந்துருச்சு.

என்னையக் கூண்டுல ஏத்தி, ஏன்மா அப்படிச் சொன்னீகன்னு கேட்டாக. கோவத்துல சொல்லிட்டேன்னு சொன்னேன். நான் செஞ்சதுலயே கோவமே இல்லாமச் செஞ்சது அது ஒண்ணுதான். அந்தப் பொய்யையும் சத்தியம் பண்ணித்தான் சொன்னேன்.

கடைசியா ஜட்ஜய்யா புள்ளைய வரச் சொன்னாரு. நாத்துனா கூட்டிட்டு வந்தா. ஒம்பது வயசு. நான் மனசுல வச்சிருந்த புள்ள வேற, வந்து நின்ன புள்ள வேற. ஒசந்திருந்துச்சு, முடிய ஒத்தச் சடையாப் போட்டு, தேங்காயெண்ணெ வழிய நின்னுச்சு. கிட்டப் போனேன். சாப்பிட்டியான்னு கேட்டேன். தலைய ஆட்டுச்சு. அதுக்குள்ள டவாலி வந்து ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. யாரும் கூடப் போகக் கூடாது. ஜட்ஜய்யாவும் புள்ளையும் மட்டும்.

கொஞ்ச நேரந்தான். கதவு தொறந்துச்சு. புள்ள வந்து நேரா நாத்துனா பக்கத்துல போய் நின்னுக்கிருச்சு. குழந்தை தகப்பன்கூட இருக்க விரும்புது, அங்கேயே படிக்கட்டும், மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை தாயை வந்து பாக்கட்டும்னு தீர்ப்பாச்சு. எங்க வக்கீலுப் பொண்ணு, அப்பீல் போகலாம்க்கான்னுச்சு. அன்னைக்கு எனக்குப் பசிச்சுச்சு. கோர்ட்டு வாசல்ல தோசை தின்னேன். ரெண்டாவது தோசையும் கேட்டு வாங்கித் தின்னேன்.

அப்புறம் மாசா மாசம் மக வந்துச்சு. மொதல்ல நாத்துனா கொண்டுவந்து விடுவா, கொஞ்சம் பெருசானதும் தனியா பஸ் ஏறி வரும். வந்து கூடத்துல உக்காரும். அந்தக் கட்டில்ல ஒரு நாளும் படுக்கல. நான் கறி எடுத்துக் கொழம்பு வைப்பேன், பணியாரம் சுடுவேன். நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிடும். பள்ளிக்கூடத்தப் பத்திக் கேட்டா சொல்லும், கேக்காட்டி சொல்லாது. சின்னதுல என்னைய நீ வா போன்னுதான் பேசும். இப்ப நீங்கன்னுச்சு. "நீங்க சாப்பிடுங்கம்மா." அம்புட்டு மரியாதை. எனக்கு ஆத்திரமா வரும். அடியே, நான் உன் ஆத்தாடின்னு கத்தணும்போல இருக்கும். கத்த மாட்டேன். நான் கத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ல.

அவ பதிமூணு வயசுல பெரிய மனுசி ஆனப்ப, சடங்குக்குக் கூட அங்கன என்னையக் கூப்பிடல. அதுக்கடுத்த ஞாயித்துக்கெழமை வந்தப்ப, மஞ்சப் பூசுன மொகத்தோட சாப்பிட உக்காந்தா. அன்னைக்கு என்னால அடக்க முடியல. எவன் கேஸ் போட்டாலும் போடட்டும், வீடு போனாப் போகட்டும்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். கடன், வக்கீலு, ரெண்டு வருஷக் கணக்கு, அடுப்படியில உக்காந்து சிரிச்சுப் பேசி வச்சது. "அது சண்டை இல்லடி. நாடகம். ஊருக்காகப் போட்டது. உன்னைய வேணாம்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல தாயி." சொல்லி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்குச்சு. இத்தனை வருஷம் நெஞ்சுக்குள்ள இருந்த கல்ல எறக்கி வச்சிட்டோம், இனிமே புள்ள என் மடியில விழுந்து அழும்னு நெனச்சேன்.

அவ சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, "தெரியும்மா"ன்னா.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். அப்பா பஸ்ஸுலயே சொல்லிட்டாக. நான் ரொம்ப அழுதேனாம், வாந்தி எடுத்துட்டேனாம். அதுனால சொன்னாக. இது சும்மா வெளையாட்டு, அம்மா வந்து நம்மளக் கூட்டிட்டுப் போவா, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாக. நான் யாருகிட்டயும் சொல்லல."

மிட்டாயக் குடுத்தா வாயத் தொறக்குற புள்ளன்னு நாங்க நெனச்சோம். அது அஞ்சு வயசுல இருந்து வாயத் தொறக்கல.

"அப்ப ஏன்டி ஜட்ஜய்யாகிட்ட அப்பா கூட இருக்கேன்னு சொன்ன?"

அவ யோசிச்சா. யோசிச்சுத்தான் சொன்னா, படக்குன்னு சொல்லல. "வெளையாட்டுன்னா முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போவாகள்லம்மா. பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டு வாசல்லயே உக்காந்திருப்பேன். சின்னமனூரு தாண்டி வர்ற பஸ்ஸு எல்லாம் அங்கனதான வந்து நிக்கும். நீங்க ஒரு நாளும் எறங்கல. அப்புறம் நோட்டீஸுதான் வந்துச்சு."

"போகக் கூடாதுன்னு வக்கீலு சொன்னாக தாயி. போனா கேஸ் கெட்டுரும்னாக. சட்டம் அப்படி."

"சாரமில்லம்மா"ன்னா. மலையாளத்துல பரவாயில்லன்னு அர்த்தம், அங்கன வளந்த புள்ளைகளுக்குச் சும்மா வாயில வந்துரும். மொகத்துல கோவமே இல்ல. கோவப்பட்டு நாலு கேள்வி கேட்டிருந்தா, பெத்த ஆத்தாங்கிற உரிமையில நானும் ரெண்டு கத்தியிருப்பேன். அவ எந்திரிச்சுப் போய்த் தட்டக் கழுவி வச்சிட்டு, அடுத்த குமுளி பஸ்ஸு எத்தனை மணிக்கும்மான்னு கேட்டா.